பெடல் இறங்கும் விதம்: பழைய வண்டிகளின் பிரேக் குறித்து வாசகர் கேள்வி பதில்

பிரேக் பெடல் சரியில்லை என்று எழுதியிருக்கும் வாசகர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தொடரைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்: "பெடல் கீழே போகிறது." கடிதங்களை முழுவதும் படித்தால் அந்த ஒரு தொடருக்குள் மூன்று வெவ்வேறு பழுதுகள் இருப்பது தெரிகிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் பெடல் ஒன்று. முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்த மிதியில் மேலேயே நின்றுவிடும் பெடல் இன்னொன்று. எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் அமுங்கும் பெடல் மூன்றாவது. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இவற்றில் எது தம் வண்டியில் நடக்கிறது என்பதைக் காலால் கண்டறிந்துகொள்பவர், தேவையில்லாத உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் அலைச்சலிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். ஆகவே கேள்விகளையும் அந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழையது. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெதுவாகத் தரைவரை இறங்கிவிடுகிறது. ஓடும்போது அழுத்தி மிதித்தால் வண்டி நன்றாகவே நிற்கிறது. பிரேக் ஆயில் குறையவில்லை; எங்கும் ஒழுகவும் இல்லை. சில வாரங்களுக்கு முன் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது ஊற்றினோம். அதற்குப் பிறகுதான் இப்படி ஆனது. மறுபடியும் ஏர் எடுத்தும், அதாவது பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றியும், பயனில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று செய்திகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. பெடல் இறங்குகிறது, ஆனால் ஆயில் குறையவில்லை என்றால், அழுத்தத்தில் இருக்கும் ஆயில் வண்டிக்கு வெளியே போகாமல், பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே பின்னோக்கிக் கசிந்து, மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது என்று பொருள். பிஸ்டனின் முன்புறம் உள்ள ரப்பர் கப்பின் விளிம்பு தேய்ந்தோ கீறப்பட்டோ போனால் இப்படி நடக்கும். அழுத்தி மிதித்தால் பிடிக்கிறதே என்று நீங்கள் வியப்பதற்கும் இதுவே விளக்கம். கப்பின் விளிம்பு வெளிப்புறமாக விரிந்த உதடுபோல் அமைந்திருப்பதால், அழுத்தம் திடீரென்று உயரும்போது அது சிலிண்டர் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. மென்மையாக மிதிக்கும்போது அந்த இறுக்கம் போதாமல் ஆயில் நழுவிவிடுகிறது. அழுத்தி மிதித்தால் பிடிக்கிறது என்பதை வைத்துப் பழுது சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். உதடு இன்னும் சற்றுத் தேய்ந்தால் அந்த அழுத்தத்துக்கும் அது நிற்காது.

ஆயில் மாற்றிய பிறகு ஏன் இது தொடங்கியது என்பதுதான் முக்கியமான கேள்வி. அன்றாட ஓட்டத்தில் பெடல் பாதித் தூரத்துக்கு மேல் போவதில்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் எப்போதும் ஒரே பகுதியில்தான் போய் வருகிறது. அந்தப் பகுதி கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். பிஸ்டன் எட்டாத மறுபாதியில், ஆயிலில் கலந்திருக்கும் ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது ஒருவர் பெடலைத் தரைவரை மிதித்து மிதித்து விட்டால், பழைய ரப்பர் கப் முதன்முறையாக அந்தச் சொரசொரப்பான பகுதியில் உரசிக் கிழிகிறது. பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அது தரைவரை போகாமல் தடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருவதற்குக் காரணம் இதுதான். நானும் ஒரு நல்ல மாஸ்டர் சிலிண்டரை இப்படி இழந்த பிறகே கட்டையை வைக்கப் பழகினேன்.

உறுதிசெய்துகொள்ள எளிய சோதனை உண்டு. இஞ்சினை அணைத்துவிட்டு, பூஸ்டரில் (இஞ்சினின் வெற்றிடத்தால் மிதியின் வலுவைக் கூட்டும் பாகம்) மிச்சமிருக்கும் வெற்றிடம் தீரும்வரை ஐந்தாறு முறை பெடலை மிதித்து விடுங்கள். பிறகு நடுத்தரமான அழுத்தத்தோடு ஒரு நிமிடம் பிடித்திருங்கள். அடுத்து, மிக மென்மையான அழுத்தத்தோடு இன்னொரு நிமிடம் பிடித்திருங்கள். இரண்டாவது முறையில்தான் பல பழுதான சிலிண்டர்கள் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. அந்த நேரத்தில் இன்னொருவர் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்க்கட்டும். மிதிக்கத் தொடங்கும் கணத்தில் ஆயில் சற்றுக் கலங்குவது இயல்பு. பெடல் இறங்க இறங்க ஆயில் சுழன்றுகொண்டே இருந்தாலோ மட்டம் உயர்ந்தாலோ கசிவு உள்ளேதான். முகத்தை டப்பாவுக்கு நேராக வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. ஆயில் பீய்ச்சியடித்தால் கண்ணைப் பாதிக்கும். வண்டியின் பெயின்ட்டில் பட்டால் அதையும் அரித்துவிடும்.

இன்னும் ஐயம் இருந்தால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாய்களைக் கழற்றி, அந்தத் துளைகளை அதே மரை கொண்ட அடைப்பான்களால் இறுக்கமாக மூடிவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். சிலிண்டர் நல்ல நிலையில் இருந்தால் பெடல் மேலேயே கல்லைப்போல் நிற்கும். அப்போதும் இறங்கினால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சில வண்டிகளில் மரை மில்லிமீட்டர் அளவிலும் சிலவற்றில் அங்குல அளவிலும் இருக்கும். பொருந்தாததைத் திணித்தால் சிலிண்டரே பாழாகிவிடும் என்பதால் கையால் திருகி எளிதாக ஏறுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் கிட் மட்டும் போடலாமா, முழு சிலிண்டரையும் மாற்ற வேண்டுமா என்பதை உட்சுவரைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் குழியோ கோடோ இருந்தால் புது ரப்பர் சில மாதங்கள்கூடத் தாங்காது. வார்ப்பிரும்பு சிலிண்டரில் மேலோட்டமான கறையை மெருகேற்றி அகற்றலாம். அலுமினிய சிலிண்டரில் அதைச் செய்தால் மேலிருக்கும் கெட்டியான பூச்சு போய், உலோகம் இன்னும் விரைவில் தேய்ந்துவிடும். புது சிலிண்டர் வாங்கினால், அதை வண்டியில் பொருத்துவதற்கு முன்பே மேசை இடுக்கியில் வைத்து, துளைகளிலிருந்து சிறு குழாய்களை டப்பாவுக்குள் திருப்பிவிட்டு, குமிழ் வருவது நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு, "புது சிலிண்டரும் சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

கேள்வி: பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள வேன். முதல் மிதியில் பெடல் முக்கால்வாசித் தூரம் போகிறது. உடனே விட்டு மறுபடியும் மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. மூன்று முறை ஏர் எடுத்தும் ஒரு குமிழ்கூட வரவில்லை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இரண்டாவது மிதியில் பெடல் கெட்டியாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் காற்றை ஏறக்குறைய விலக்கிவிடுகிறது. காற்று இருந்தால் இரண்டாவது மிதியில் பெடல் உயரலாம், ஆனால் அப்போதும் அமுங்கிக்கொண்டுதான் இருக்கும். உயர்ந்து கெட்டியாகவும் நிற்கிறது என்றால், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ, அந்த டிரம்மிலிருந்து விலகி நிற்கிறது. அந்த இடைவெளியைக் கடக்க முதல் மிதியின் ஆயில் செலவாகிவிடுகிறது.

சிறு இடைவெளி பெடலில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. எளிமைக்காக மாஸ்டர் சிலிண்டரும் பின்சக்கரங்களில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர்களும் ஒரே விட்டம் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள். இரு சக்கரங்களுக்கும் சேர்த்து நான்கு. தேய்மானத்தால் ஒவ்வொரு பிஸ்டனும் 1 மி.மீ. கூடுதலாக நகர வேண்டியிருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 4 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 5 என்றால், உங்கள் கால் 20 மி.மீ. கூடுதலாக இறங்கும். அதாவது கண்ணுக்குப் புலப்படாத தேய்மானம், பெடலில் இரண்டு சென்டிமீட்டராக வந்து நிற்கிறது.

இதைச் சோதிக்க ஒரு கருவியும் தேவையில்லை. வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, பெடலை மிதித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் ஷூக்களை ஏற்கெனவே டிரம்மோடு ஒட்டவைத்துவிடுவதால், முதல் மிதியிலேயே பெடல் உயரமாக நின்றால் பழுது பின்சக்கர ஷூக்களின் அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் என்பது உறுதியாகிவிடும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்பு உள்ளதே என்று நீங்கள் கேட்கலாம். பழைய வண்டிகளில் அந்தப் பல்சக்கரத் திருகு துருப்பிடித்து இறுகி, பல ஆண்டுகளாக அசையாமலே இருக்கும். அதைக் கழற்றித் துருவை நீக்கி, மரையில் வெப்பம் தாங்கும் கிரீஸை மிகக் கொஞ்சமாகப் பூசிப் பொருத்த வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கத் திருகும் வலப்பக்கத் திருகும் எதிரெதிர் மரை கொண்டவை. இடம் மாற்றிப் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இடைவெளி குறைவதற்குப் பதிலாக அதிகமாகும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஷூ தேய்ந்து ஹேண்ட் பிரேக் தளர்ந்ததும், கேபிளை மட்டும் இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். அப்போது ஷூ தன் ஓய்வு நிலைக்கு முழுமையாகத் திரும்ப முடியாததால் தானியங்கி அமைப்பு வேலைசெய்ய வழியில்லாமல் போகிறது. ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது, கால் பிரேக் இறங்குகிறது. சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை ஜாக்கியால் தூக்கி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தியபின், முதலில் கேபிளை முழுமையாகத் தளர்த்துங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஷூ உரசும்வரை பல்சக்கரத்தைத் திருப்பி, உரசல் விடும் அளவுக்குச் சற்றுப் பின்வாங்குங்கள். பெடலைச் சில முறை மிதித்து ஷூக்களை நடுநிலைக்கு வரச்செய்து மறுபடியும் சரிபாருங்கள். எல்லாம் முடிந்த பிறகே கேபிள்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ செய்யாதீர்கள். ஷூவின் மேலுள்ள பழைய லைனிங்குகளில் (உராய்வுப் பட்டைகளில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்த இழைகள் நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துத் தீராத நோயைத் தரும். தூசியை நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பின்பக்கமெல்லாம் சரியாக இருந்தும் மேடுபள்ளமான சாலையில் ஓடிய பிறகு மட்டும் முதல் மிதி ஆழமாகப் போகிறதென்றால், முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வீல் பேரிங் தளர்ந்திருந்தாலோ சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் கோணியிருந்தாலோ அது, டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும்; அடுத்த மிதியில் அவற்றை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவரவே ஆயில் செலவாகும்.

கேள்வி: மாஸ்டர் சிலிண்டர் கால்மிதிக்கு அடியில், தரையோடு ஒட்டி இருக்கும் மிகப் பழைய வண்டி வைத்திருக்கிறேன். காலையில் முதல் மிதி மட்டும் வெறுமையாகப் போகிறது.

பதில்: இத்தகைய வண்டிகளில் டப்பா வீல் சிலிண்டர்களைவிடத் தாழ்ந்தோ ஏறக்குறைய சமமாகவோ இருப்பதால், ஆயில் பின்னோக்கி வழிந்துவிடாமல் குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று இருக்க வேண்டும். டிரம் பிரேக்குக்கு வழக்கமாகச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவும், டிஸ்க்குக்கு 2 பவுண்டு அளவும் தேக்கும் வால்வுகள் பயன்படுகின்றன. சிலிண்டரைப் பிரித்துச் சேர்த்தபோது அதைத் திரும்பப் போட மறந்திருக்கலாம், அல்லது அது பழுதாகியிருக்கலாம். டிரம்முக்கு உரிய வால்வை டிஸ்க்குக்குப் போட்டுவிடாதீர்கள். பேடுகள் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: முன்சக்கரங்களில் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டு நானே பொருத்தினேன். அதிலிருந்து பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. ஒரு லிட்டர் ஆயில் செலவழித்து ஏர் எடுத்தும் சரியாகவில்லை.

பதில்: முதலில் ஏர் எடுக்கும் நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கத்தில் பொருத்தினாலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்; ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும், ஆயில் மட்டும் கீழே வெளியேறும். நீங்கள் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அந்தக் குமிழ் அங்கேயே இருக்கும். தாமே காலிப்பரைக் கழற்றிப் பூட்டியவர்களின் பஞ்சுப் பெடலுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால், ஏர் எடுக்கும் முறையைச் சற்று நிதானமாகச் செய்து பாருங்கள். நிப்பிளில் பொருத்திய தெளிவான குழாயின் மறுமுனை, புட்டியில் உள்ள புது ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் ஓட்டம் நிற்பதற்கு முன்பே மூட வேண்டும். மூடிய பிறகு "விடு" என்று சொன்னால்தான் உள்ளே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை பிசகினாலும் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே இழுக்கப்படும். வேகவேகமாகப் பம்ப் அடிப்பதும் தவறு. பெரிய குமிழ் நூறு சிறு குமிழ்களாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். பிறகு சில மணி நேரம் வண்டியை அப்படியே விட்டால்தான் அவை மறுபடியும் ஒன்றுசேரும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பார்கள். முன்சக்கரம் ஒன்றையும் எதிர்மூலைப் பின்சக்கரம் ஒன்றையும் குறுக்காக இணைத்த அமைப்பு இருந்தால் வரிசை மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். ஆரம்பகால ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால், அந்த அலகுக்குள் சிக்கிய காற்று இந்த முறையில் வெளிவராமல் போகலாம். அதற்கு உரிய கருவி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

காற்றே இல்லாமலும் பெடல் பஞ்சாக இருக்கக்கூடும். ஒருவர் பெடலை அழுத்தும்போது இன்னொருவர் சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் பிடித்துப் பார்க்கட்டும். பழைய ஹோஸ் விரலுக்குள் உப்புவது தெரிந்தால் எல்லா ஹோஸ்களையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். ஒன்று உப்பிய வயதில்தான் மற்றவையும் இருக்கின்றன. காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் பின்கள் இறுகிப்போய்ப் பேடு ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தாலும், பெடலின் அழுத்தம் உலோகத்தை வளைப்பதிலேயே செலவாகி, காலுக்குப் பஞ்சுபோலத் தெரியும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்பதால் ஆயிலை மேலும் வீணாக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: பிரேக்கை மிதித்தபடி இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சட்டென்று சற்று இறங்குகிறது. இது பழுதா?

பதில்: இல்லை. பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளமே அதுதான். சற்று இறங்கி அங்கேயே நின்றால் கவலை வேண்டாம். நிற்காமல் தொடர்ந்து இறங்கினால் முதல் பதிலைப் படியுங்கள். பூஸ்டர் கெட்டால் பெடல் மென்மையாகாது, மிதிக்கவே முடியாத அளவுக்குக் கடினமாகும். ஆகவே இறங்கும் பெடலுக்காகப் பூஸ்டரை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறை ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. சக்கரம், குழாய், தரை எங்கும் ஈரமில்லை. எங்கே போகிறது?

பதில்: பேடு தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன்கள் முன்னுக்கு வருவதால் டப்பாவில் ஆயில் மட்டம் சிறிது சிறிதாகக் குறைவது இயல்பு, ஆனால் அது பல மாதங்களில் நடப்பது. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் கசிவு நிச்சயம் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் ஆயில் ஒளிந்துகொள்ள இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம். அங்குள்ள சீல் கசிந்தால் ஆயில் நேராகப் பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். மாஸ்டர் சிலிண்டரின் இரு நட்டுகளைக் கழற்றி, குழாய்களை வளைக்காமல் சற்று முன்னுக்கு இழுத்து, பூஸ்டர் முகப்பு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தேங்கிய ஆயில் வெற்றிடக் குழாய் வழியாக இஞ்சினுக்குள் இழுக்கப்பட்டால் புகை வெள்ளையாக வரும். அதைக் கண்டு இஞ்சினைப் பிரித்தவர்களும் உண்டு. பூஸ்டர் இல்லாத வண்டியில் அதே கசிவு பெடல் தண்டு வழியாக வந்து, ஓட்டுநரின் கால் பக்கமுள்ள விரிப்பை நனைக்கும்.

இன்னொன்று, பின்சக்கர டிரம்மின் உட்புறம். வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பார்த்தால் உள்ளே ஆயில் நிற்பது தெரியும். லேசான ஈரப்பசை இருக்கலாம். சொட்டும் அளவுக்கு இருந்தால் சிலிண்டர் போய்விட்டது. லைனிங் ஆயிலில் ஊறியிருந்தால் அதைக் கழுவியோ சூடாக்கியோ மீட்க முயலாதீர்கள். மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரிந்தாலும், சூடேறும்போது உள்ளிருந்து மறுபடியும் கசிந்து, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வழுக்கும். இரு பக்கமும் புது லைனிங் போடுவது ஒன்றே வழி.

கேள்வி: மலைச் சாலையில் இறங்கும்போது ஒருமுறை பெடல் முழுவதுமாகத் தரையைத் தொட்டுவிட்டது. அரைமணி நேரம் நிறுத்திவைத்த பிறகு எதுவுமே நடக்காததுபோல் நன்றாக இருந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டுப் பழுது எதுவும் இல்லை என்கிறார்.

பதில்: உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கும்போது சக்கரத்தில் எழும் வெப்பம் காலிப்பர் வழியாக ஆயிலுக்குப் போகிறது. ஆயில் கொதித்து ஆவியானால், அந்த ஆவி காற்றைப்போலவே அமுங்கும், பெடல் வெறுமையாகிவிடும். குளிர்ந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பட்டறையில் பார்க்கும்போது ஒரு தடயமும் இருக்காது. லைனிங் மட்டும் சூடேறிப் பிடிப்பு இழந்திருந்தால் பெடல் உயரமாகவே நின்றிருக்கும், வண்டி மட்டும் நிற்க மறுத்திருக்கும். ஆகவே இரண்டையும் பெடலை வைத்தே பிரித்தறியலாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 (DOT 3) என்ற தர வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு, 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. டாட் 4 வகைக்கு இதே எண்கள் 230, 155. பல ஆண்டுகள் மாற்றாமல் ஓட்டிய வண்டியின் ஆயில் மலை இறக்கத்தில் கொதிப்பதில் வியப்பில்லை. ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள். இனி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் ஒட்டிக்கொண்டு உரசுகிறதா என்பதையும் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பாருங்கள், ஏனென்றால் ஒட்டும் பிரேக் சமதளத்திலேயே ஆயிலைச் சூடாக்கிவிடும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில், இஞ்சினின் பிடிப்பில் வண்டியை இறக்குங்கள்.

கேள்வி: வழியில் ஆயில் குறைந்ததால் உதவ வந்தவர் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டார். உடனே உறிஞ்சி எடுத்துவிட்டோம். போதுமா?

பதில்: போதாது. "பிரேக் ஆயில்" என்று சொல்லிப் பழகிவிட்ட பெயர்தான் இந்தத் தவறுக்கு வழிசெய்கிறது. டாட் 3, டாட் 4 வகைகள் எண்ணெயே அல்ல, கிளைகால் சார்ந்த திரவங்கள். அவற்றுக்கென்று செய்யப்பட்ட ரப்பர் பாகங்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிக் கொழகொழத்துவிடும். டப்பா மூடியின் உட்புற ரப்பர் உப்பியோ நெளிந்தோ இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசி ஹோஸ் வரை எல்லா ரப்பர் பாகங்களையும் மாற்றி, குழாய்களைச் சுத்தம் செய்தாக வேண்டும். உறிஞ்சி எடுத்த திரவத்தில் சிறிதைத் தெளிவான புட்டியில் உள்ள தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கிளைகால் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும். எண்ணெய் மேலே மிதக்கும். ஊற்றிய பிறகு ஒருமுறையாவது பெடலை மிதித்திருந்தால் டப்பாவோடு அது நின்றிருக்காது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

டாட் 5 என்ற சிலிக்கான் வகையையும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் அதற்கு நெருக்கமாக இருந்தாலும் கிளைகால் வகையைச் சேர்ந்தது. அதை டாட் 4 உடன் கலக்கலாம். வேறு சில பழைய வண்டிகள் கனிம எண்ணெயில்தான் இயங்கும். அவற்றில் டாட் வகைகளை ஊற்றினாலும் இதே கேடுதான். டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: பெடல் இறங்குகிறது, ஆனால் இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் பிடிக்கிறது. பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாமா?

பதில்: வேண்டாம். இழுவை வண்டியை வரவழையுங்கள், அல்லது மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே அழைத்து வாருங்கள். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது. முன்னும் பின்னும் ஒரே குழாய் அமைப்பில் இயங்கும் மிகப் பழைய வண்டி என்றால், ஓரிடத்தில் ஏற்படும் கசிவு நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் ஒரே நேரத்தில் பறித்துவிடும். இரட்டை அமைப்பு உள்ள வண்டியிலும் ஒரு பாதி போனால் பெடல் ஆழமாக இறங்கி, நிற்கும் தூரம் பெரிதும் நீளும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி நேர்ந்தால், பெடலை வேகமாகப் பம்ப் அடித்தபடியே ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி படிப்படியாக இழுங்கள். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் உடனே சற்றுத் தளர்த்த முடியும். ஹாரனையும் எச்சரிக்கை விளக்கையும் பயன்படுத்துங்கள். சாவியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பழுது நீக்கிய வண்டியைச் சாலைக்கு எடுப்பதற்கு முன், இஞ்சின் ஓடும்போது ஒரு முறையும் அணைத்த பிறகு ஒரு முறையும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்து, அதில் ஈரம் ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் நடைவேகத்தில் சில முறை நிறுத்திய பின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். டப்பாவில் ஆயில் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுவைத்து, அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள்.